ஞாயிற்றுக்கிழமை வாசம்

வெள்ளையம்மாள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் எலுமிச்சைத் தோல் கொதிக்கும். கூடவே ஆறேழு கிராம்பும் ஒரு விரல் நீளப் பட்டையும். குழம்புக்கும் இல்லை, குடிக்கவும் இல்லை. ஆவி பறக்கும் பாத்திரத்தைப் பிடிதுணியால் தூக்கிக்கொண்டு முன்னறை, சமையல் தடுப்பு, பின்னறை என்று மூலை மூலையாகக் காட்டிவருவாள். கடைசியில் அதைப் புருஷன் படுத்திருக்கும் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்வாள். வீட்டுச் சொந்தக்காரர் பொங்கியண்ணன் ஒன்பது மணிக்கு வருவார். அதற்குள், அந்த வீட்டுக்குள் ஒரு மனிதனின் கால் அழுகிக்கொண்டிருப்பது வாசலில் நிற்கிறவருக்குத் தெரியாமல் போக வேண்டும்.

திருப்பூர் ராயபுரத்துக்குப் பின்னால் எட்டு வீட்டு லைன் அது. மூன்றாவது வீடு எங்களுடையது, நான்காவது அவளுடையது. நடுவில் ஒற்றைக்கல் சுவர். அவள் வீட்டில் கடுகு வெடித்தால் என் வீட்டில் தும்மல் வரும். நான் வெள்ளகோவில் பக்கத்துக்காரி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் வீட்டுக்காரர் மாரப்பன் குட்டியானை வண்டியில் துணி ரோல் ஏற்றி இறக்குகிறவர். எனக்குக் குழந்தை இல்லை, வாய் கொஞ்சம் அதிகம். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

வெள்ளையம்மாள் அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரி. புருஷன் முனீஸையும் இடுப்பில் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு தொண்ணூற்றெட்டில் திருப்பூருக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது ஒரு பை துணியும் ஒரு குக்கரும்தான் கையில் இருந்ததாம். அந்தக் குக்கருக்கு மூடி இல்லை என்பதை வீடு பார்த்துக் குடியேறிய பிறகுதான் கவனித்தாளாம். இதை அவள் சிரிக்காமல் சொல்வாள், கேட்கிற நாம்தான் சிரிப்போம். ஒரு சொல்லுக்கு மேல் இரண்டாவது சொல்லைச் செலவழிக்க யோசிக்கிற பெண். என்னை 'மதினி' என்பாள். அவளைவிட நான் இரண்டு வயது சின்னவள், அவளை நான் அக்கா என்பேன். முறை இப்படி இடிக்கிறதே என்று நாங்கள் இருவருமே கவலைப்பட்டதில்லை.

முனீஸ் சாயப்பட்டறையில் பத்து வருடம் நின்றவர். ரப்பர் பூட்ஸுக்குள் எந்நேரமும் ஈரக் கால். சர்க்கரை இருப்பது அவருக்கே தெரியாது. பூட்ஸ் கடித்த புண் சுண்டுவிரலில் தொடங்கியது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். புண் நிற்கவில்லை. முழங்கால்வரை எடுத்தால் ஆள் பிழைப்பார் என்று டாக்டர் சொன்னபோது, மனிதர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். நின்று பார்க்கிற வேலை, ஒற்றைக் காலோடு யார் வைத்துக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அன்றைக்கும் அவர் மேல் கோபம், இன்றைக்கும் கோபம். வெள்ளையம்மாள் காலில் விழுந்து கேட்டாள், மகள் அபிராமி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து கேட்டாள். முனீஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அது இரண்டாயிரத்து எட்டு, ஐப்பசி மாதம். அபிராமி பத்தாம் வகுப்பு. ஏப்ரலில் அரசுத் தேர்வு முடியும்வரை அந்த வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது ஒன்றுதான் வெள்ளையம்மாளுக்கு அப்போது இருந்த ஆசை. அதிலென்ன கஷ்டம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். எங்கள் ஊர் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். ஆள் தேறமாட்டார் என்று தெரிந்துவிட்டால், மூச்சு இருக்கும்போதே சொந்த ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். சாவு விழுந்த வீட்டுக்கு அப்புறம் ஒரு வருடம் யாரும் குடி வரமாட்டார்கள். அதனால் வீட்டுச் சொந்தக்காரர்கள் முதலிலேயே வந்து, ரொம்ப மரியாதையாக, ஊருக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிடுவார்கள். ஆறாவது வீட்டுக் கிழவர் அப்படித்தான் போனார்.

ஆக முனீஸுக்கு உடம்பு சரியில்லை என்பதே பொங்கியண்ணனுக்குத் தெரியக்கூடாது. நைட் ஷிப்டு பார்த்துவிட்டுத் தூங்குகிறார் என்பது நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்ன பொய். லைனில் இருந்த எட்டு வீடும் ஒற்றுமையாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். பொய்யைக் காப்பாற்றிவிடலாம், நாற்றத்தை எப்படிக் காப்பாற்றுவது? எங்கள் மூக்குகள் சாய வாடையிலும் சாக்கடையிலும் மரத்துப்போனவை. பொங்கியண்ணன் பொங்கலூரில் தோட்டம் வைத்திருப்பவர். ஞாயிறு விடிகாலையில் பெண்சாதி பழனாயியோடு உழவர் சந்தைக்கு முருங்கைக்காய் கொண்டுவந்து விற்றுவிட்டு, அப்படியே மொபெட்டில் வந்து தண்ணீர்த் தொட்டி, மோட்டார் எல்லாம் பார்த்துவிட்டுப் போவார். பச்சைக் காற்றில் வளர்ந்த மூக்கு அது, லேசில் ஏமாறாது.

வெள்ளையம்மாள் முதலில் பினாயில் ஊற்றிப் பார்த்தாள். வீடு ஆஸ்பத்திரி ஆகிவிட்டது, ஒளித்து வைத்திருப்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தாள். புண் வாடையோடு மல்லிகை சேர்ந்தபோது நான் சுவருக்கு இந்தப் பக்கம் சோற்றுத் தட்டை மூடிவைத்தேன். ஒரு நாள் பார்த்தேன், சமையல் அலமாரியையே கீழே இறக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்துதான் வழி பிறந்தது. தெருமுனை இஸ்திரி வண்டியில் கரி வாங்கி உடைத்து, தட்டில் பரப்பிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். கரி நாற்றத்தைக் குடித்தது. ஆப்பசோடாவை மெத்தை மேல் தூவி, ஒரு மணி நேரம் கழித்துத் தட்டி எடுத்தாள். எலுமிச்சைத் தோலைக் கல் உப்போடு பிசறிக் கிண்ணங்களில் போட்டு ஜன்னலில் வைத்தாள். காபித்தூளும் கிராம்பும் நுணுக்கிய பட்டையும் சேர்த்து, நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பனியன் வெட்டுத் துண்டுகளில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, கதவுக் கொண்டியிலும் கட்டில் காலிலும் அவர் தலையணைக்கு அடியிலும் வைத்தாள்.

அந்த வருடம் கரண்ட் கட் வேறு. மின்விசிறி நின்றதும் வாடை எழுந்து உட்காரும். அவள் பனியன் துணியை உப்பு எலுமிச்சைத் தண்ணீரில் நனைத்து ஜன்னலில் கட்டிவிட்டு, முறத்தால் விசிறிக்கொண்டே மகளுக்குக் கணக்குப் பாடத்தில் கேள்வி கேட்பாள். கேள்வி மட்டும்தான் கேட்பாள், விடை சரியா என்பது அவளுக்குத் தெரியாது. அபிராமி தயங்கினால் தப்பு என்று புரிந்துகொள்வாள்.

வார நாட்களில் கரியும் சோடாவும் போதும். கிராம்பும் எலுமிச்சையும் கொதிப்பது ஞாயிறு மட்டும்தான். அதனால் முனீஸுக்கு அந்த வாசமே கிழமை சொல்லும். கண்ணைத் திறக்காமலே "ஞாயித்துக்கெழமையா?" என்று கேட்பார். ஆமாம் என்று வெள்ளையம்மாள் சொன்னதும், தலைமாட்டில் இருக்கும் துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொள்வார். முனகல் வெளியே கேட்கக்கூடாதே. பொங்கியண்ணன் மொபெட் கிளம்பிப் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் துண்டை எடுப்பார். ஒரு ஞாயிறு அந்தத் துண்டை நான்தான் துவைத்தேன். பல் பட்ட இடம் இழை இழையாகப் பிரிந்திருந்தது. காலை எடுக்க மாட்டேன் என்ற மனிதன் மேல் இருந்த கோபத்தை அன்றைக்கு ஒரு நாள் எங்கேயோ வைத்துவிட்டேன்.

மார்கழி பிறந்தது. இரண்டு மாதம் இப்படியே ஓட்டியாயிற்று, இன்னும் நாலு மாதம் என்று வெள்ளையம்மாள் நாள்காட்டியில் விரல் வைத்துக் காட்டினாள்.

பழனாயியம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் டீ குடிப்பார். எங்களுக்குத் தூரத்து உறவும்கூட. அன்றைக்கு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கை உயர்த்தினார்.

"ஏங்கண்ணு, வாராவாரம் பாக்கறேன், பக்கத்து ஊட்டுல என்னமோ கம்முனு வாசம் வருதே, என்னது?"

கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மா சந்தேகத்தில் கேட்கவில்லை, ஏக்கத்தில் கேட்டார். அவர்கள் தோட்டத்தில் கோழிப்பண்ணை. வீட்டுக்கும் பண்ணைக்கும் நடுவில் நாலு தென்னை மரம்தான். மகள் நித்யஸ்ரீயைப் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போய், அப்புறம் பதிலே சொல்லவில்லையாம். இப்போது கோயமுத்தூரில் ஒரு நல்ல இடம் கூடி வந்திருக்கிறது, அடுத்த வாரம் பெண் பார்த்து அன்றைக்கே உறுதி செய்கிறார்கள், என்ன பண்ணுவதென்றே தெரியவில்லை என்று கண்கலங்கினார். கோடிக்கணக்கில் சொத்து இருக்கிறவர்களுக்கும் நாற்றத்துக்கு முன்னால் வழி தெரியவில்லை பாருங்கள்.

அப்போதுதான் என் வாய் வேலை செய்தது. வாசமெல்லாம் வெள்ளையக்கா கைப்பக்குவம், அவர்களையே வரச்சொல்கிறேன் என்றேன். அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, வேண்டாம் மதினி என்று ஒரே சொல்லில் முடித்தாள். நான் விடவில்லை.

"நீங்க சும்மா இருங்க்கா. நாளைக்கு ஒண்ணுன்னா அந்தம்மா நமக்கு ஒதவுவாங்க. ஒரு நல்ல காரியத்துக்குக் கை கொடுத்தவங்களப் போயி வெளிய போன்னு சொல்ல வாய் வருமா?"

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். ஆனால் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்கமாட்டேன். வீட்டுச் சொந்தக்காரரின் விசேஷத்துக்கு நான் சொல்லி ஆள் போகிறது என்ற பெருமை.

அவள் போனாள். மாரப்பன்தான் வண்டியில் கூட்டிப்போனார். அந்த இரண்டு நாளும் நான் லீவு போட்டு முனீஸைப் பார்த்துக்கொண்டேன். முந்தின நாளே போய் அந்தப் பெரிய வீட்டின் திரைச்சீலைகளை எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் அலசிப் போட்டிருக்கிறாள். அறை அறையாகக் கரித்தட்டு வைத்து இரவு முழுக்க மூடி, காலையில் எடுத்துவிட்டு, சோபா இடுக்குகளில் காபித்தூள் முடிச்சைச் செருகி, சமையலறையில் பெரிய அண்டாவில் கிராம்பும் பட்டையும் கொதிக்க விட்டிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா வந்ததும் வராததுமாக, வீடு எவ்வளவு மணமாக இருக்கிறது என்றாராம். சம்பந்தம் உறுதியாயிற்று. மாசியில் கல்யாணம். பழனாயியம்மா சாப்பிட்டுப் போகச் சொல்லி எவ்வளவோ வற்புறுத்தியும், அவருக்குச் சோறு போடணும் என்று வெள்ளையம்மாள் கிளம்பி வந்துவிட்டாள். வந்ததும் என்னிடம், "நீங்க சொன்னது சரிதான் மதினி, நல்ல மனுசங்க" என்றாள்.

நல்ல மனிதர்கள்தான். அதனால்தான் எல்லாம் கெட்டது.

அடுத்த வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. கம்பெனியில் பீஸ் வராததால் நான் வீட்டில் இருந்தேன். மொபெட் சத்தம் கேட்டது. வியாழக்கிழமை அவர்கள் வந்ததே இல்லை. எட்டிப் பார்த்தால், பழனாயியம்மா பட்டுச்சேலையில் நிற்கிறார். கையில் எவர்சில்வர் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், ஒரு சேலை. உறுதி செய்த வீட்டிலிருந்து கைராசிக்காரிக்கு மரியாதை. நான் ஓடி, என் வீட்டுக்கு முதலில் வாங்க என்று மறித்தேன். போறப்ப வாரேன் கண்ணு என்று சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டார்.

வெள்ளையம்மாள் அப்போதுதான் கட்டுப் பிரித்திருந்தாள். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து, நிலைக்கு உள்ளே நின்றபடியே இரண்டு கையையும் நீட்டினாள். பழனாயியம்மா தட்டைக் கொடுக்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, மங்கலப் பொருள நெலப்படிக்கு அக்கட்ட இக்கட்ட நின்னு வாங்கறதா? உள்ள போயி சாமி படத்துக்கு முன்னால வெச்சுத்தான் கொடுக்கோணும்."

எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. நிலைப்படிக்கு மேலே எதுவும் கைமாறக்கூடாது, மங்கலத் தட்டு மாறவே கூடாது. அந்த முறை எனக்குத் தெரியும். உறுதி முடிந்தால் தட்டு கொண்டுவருவார்கள் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி மட்டும் எனக்கு இல்லாமல் போயிற்று. வெள்ளையம்மாள் வழியை விட்டாள். வேறு என்ன செய்வாள்? சாமி படம் பின்னறையில் இருந்தது.

பழனாயியம்மா கத்தவில்லை. தட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். கட்டிலைப் பார்த்தார். கட்டு இல்லாத காலைப் பார்த்தார். முந்தானையால் மூக்கைப் பொத்தாமல், கடைசிவரை கையைக் கீழேயே வைத்திருந்தார், அதற்கு அவரை நான் மெச்சியே ஆக வேண்டும். வெளியே வந்து என் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அப்புறம் அழுதார். முனீஸ் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார், அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொங்கியண்ணன் தனியாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளையம்மாள் வீட்டு முன்னறையில் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மிணி. நீங்க பண்ணுன ஒதவிய நாங்க மறக்க மாட்டமுங்க. ஆனா மாசியில பொண்ணு கல்யாணம். எங்க எடத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா சம்பந்தி ஊட்டுல என்ன சொல்லுவாங்க? நீங்களும் புள்ளையும் பரீச்சை முடியற வரைக்கும் இங்கயே இருங்க. அவர மட்டும் ஊருக்கு அனுப்பிச்சு வெச்சுப் பாருங்க."

இப்படிப் பணிவாகச் சொல்கிறவரிடம் சண்டை போடவும் முடியாது. நான் போட்டுப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார், எழுந்து போனார். வெள்ளையம்மாள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவரைத் தனியே அனுப்புவதா என்ற பேச்சே அவளிடம் இல்லை. அபிராமியை என் வீட்டில் விட்டுவிட்டு, தானும் அவரோடு ஊரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாயும் புத்தகப்பையும் இந்தப் பக்கம் வந்தன.

தை மாதம், ஒரு புதன்கிழமை கிளம்பினோம். அபிராமிக்கு அன்று ரிவிஷன் டெஸ்ட். நானும் வருவேன் என்று நின்றவளை முனீஸ்தான் அனுப்பினார். "போயி எழுது தாயி. லீவுல வந்து பாத்துக்கலாம்." அவள் யூனிபார்மோடு அவர் தலைமாட்டில் கொஞ்சம் நின்றுவிட்டு, துண்டை மடித்து அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுப் போனாள்.

மாரப்பனின் குட்டியானையில் பனியன் வேஸ்ட் மூட்டைகளைப் பரப்பி மெத்தையாக்கி, மேலே தார்ப்பாய் கட்டினோம். வெள்ளையம்மாள் அதற்குள்ளேயும் தன் வேலையைச் செய்தாள். மறுநாள் அந்த வண்டியில் வெள்ளைத் துணி ஏற்ற வேண்டும், புண் வாடை வண்டியில் நின்றுவிட்டால் மாரப்பன் அண்ணனுக்குக் கெட்ட பேர் என்று, காலையிலேயே எலுமிச்சைத் தோலும் கிராம்பும் கொதிக்கவைத்துத் தூக்குப் போசியில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். மூலைக்கு மூலை முடிச்சுகளைக் கட்டினாள். தன்னைத் துரத்திய ஊரைவிட்டுப் போகும்போதும் அடுத்தவர் துணி நாறக்கூடாது என்ற கவலை அவளுக்கு. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

நாங்கள் இருவரும் பின்னால் அவரோடு உட்கார்ந்திருந்தோம். காங்கேயம் தாண்டும்வரை தூங்கினார். வெள்ளகோவில் பக்கம் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டதில் போசி மூடி திறந்து கிராம்பு வாசம் குப்பென்று கிளம்பியது. முனீஸ் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது.

"ஞாயித்துக்கெழமையா?"

"இல்லங்க, புதன்கெழம. வண்டியில போறோம். வலிச்சா நல்லாச் சத்தம் போடுங்க, இங்க யாருமில்ல" என்றாள் வெள்ளையம்மாள்.

அவர் கை தலைமாட்டில் தடவியது. துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொண்டார். நானும் சொன்னேன், அண்ணா, யாருமில்லீங்க, துண்டை எடுங்க என்று. வெள்ளையம்மாள் துண்டை மெல்ல இழுத்துப் பார்த்தாள். அவர் விடவில்லை, சாமர்த்தியமாக இருக்கிறேன் பார் என்பது போலத் தலையை ஆட்டினார். போகட்டும், கடித்துக்கொண்டால் வலி தாங்குகிறது போலும் என்று விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு முனகல் இல்லை. தூங்கட்டும் என்று நாங்களும் பேசவில்லை. மூலனூர் தாண்டி டீக்கடையில் வண்டி நின்றபோது, ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம் என்று வெள்ளையம்மாள் துண்டைத் தொட்டாள். அது தானாகவே கையோடு வந்துவிட்டது.

மறுநாள் ஊரில் அடக்கம் முடிந்தது. அபிராமியை இரவோடிரவாக மாரப்பன் கூட்டிவந்து சேர்த்தார். முகத்தைப் பார்க்கத்தான் கொடுத்துவைத்திருந்தது. பத்தாம் நாள் முடிந்து என்னோடு திருப்பூருக்குத் திரும்பினாள், என் வீட்டிலிருந்துதான் தேர்வு எழுதினாள், நானூற்றுப் பதினொன்று வாங்கினாள். பழனாயியம்மா மகள் கல்யாணம் மாசியில் நல்லபடியாக நடந்தது. பத்திரிகை வைத்தார்கள், நான் போகவில்லை. நான்காவது வீட்டுக்கு மறுமாதமே வேறு ஆள் குடி வந்தது. அங்கே யாரும் சாகவில்லையே.

வெள்ளையம்மாள் அபிராமியின் தேர்வு முடிந்த அன்று வந்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டாள், இப்போது அங்கே ஒரு சத்துணவுக் கூடத்தில் சமையல். அவள் என்னிடம் அன்றும் எதுவும் கேட்கவில்லை. கேட்டவள் அபிராமிதான், பஸ் ஏறப்போகும்போது.

"கடைசியா அப்பா என்ன அத்த சொன்னாரு?"

"ஞாயித்துக்கெழமையான்னு கேட்டாரு கண்ணு."

அவள் பையைக் கீழே வைத்தாள். "இல்லன்னு சொல்ல வேண்டியதுதான? சத்தம் போட்டு அழுதிருப்பாருல்ல."

"சொன்னமே கண்ணு, ரெண்டு பேருஞ் சொன்னோம். அவரு நம்பலை."